அந்தச் சீட்டு நோட்டை விண்ணப்பத்தில் வையுங்கள்

வாசகி கேள்வி: பாப்பாரப்பட்டி பக்கம் ஏழு வருடமாகப் புளிக் கூடம் நடத்துகிறேன். மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, பழத்தை உலுக்கி, ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டி சேலம், பெங்களூரு மண்டிகளுக்கு அனுப்புகிறோம். அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டும் போடுகிறோம். 14 பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வருடம் ஒரு மகளிர் தொழில்முனைவோர் விருதுக்கு விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது மாவட்டத் தொழில் மையத்தில் அரசு விருதுக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, 35,000 ரூபாய் கட்டினால் பெங்களூரில் மேடையேற்றி விருது தருவது உறுதி என்கிறார். என் கணவர் ‘நமக்கு எதுக்கு இதெல்லாம்’ என்கிறார். திரும்பி வரும் மூட்டையைக் குறைக்கவே இரண்டு வருடமாகப் போராடி, மூட்டைக்குள் ஆளுக்கொரு சீட்டு போட்டு இப்போதுதான் மூச்சு விடுகிறேன். எனக்கு எழுத வராது. நல்ல விண்ணப்பம் எப்படித் தயார் செய்வது?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 35,000 ரூபாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். அவர்களிடம் நீங்கள் விண்ணப்பமே போடவில்லை, உங்கள் கூடத்தை யாரும் வந்து பார்க்கவில்லை, கணக்கு கேட்கவில்லை. அதற்குள் ‘உங்களைத் தேர்வு செய்துவிட்டோம்’ என்று போன் வந்தால், அவர்கள் தேர்வு செய்தது உங்கள் பணத்தைத்தான். மேடை, பொன்னாடை, கேடயம், போட்டோ எல்லாம் கிடைக்கும். ஆனால் நாளைக்கு ஒரு வங்கி மேலாளரோ பெரிய கொள்முதல்காரரோ ‘எதற்காகக் கொடுத்தார்கள்’ என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்தப் பணத்தில் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

அதற்காகக் கட்டணம் கேட்கிற எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். சில தொழில் சங்கங்கள் விண்ணப்பச் செலவுக்கு என்று ஒரு சிறு தொகை வாங்குவது உண்டு. நான் பார்ப்பது வேறு. எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதை முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறார்களா? நடுவர்கள் யார் என்று தெரிகிறதா? போன வருடம் வாங்கியவர் ஒருவரைப் பிடித்துப் பேச முடிகிறதா? ஆவணங்களைச் சரிபார்க்கிறார்களா? இந்த நான்கில் இரண்டுக்குக்கூட பதில் இல்லை என்றால் விலகிவிடுங்கள். அரசு விருது வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், யோசிக்கவே வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.

சரி, உங்கள் பழைய விண்ணப்பத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கடிதத்தில் ஒரே ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, ‘ஆளுக்கொரு சீட்டு போட்டு’ என்று, அது விண்ணப்பத்தின் 11 பக்கங்களில் எங்குமே இல்லை. விருதுக்கு உரிய விஷயம் அதுதான். அதைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

‘உங்கள் தொழிலில் நீங்கள் செய்த புதுமை என்ன’ என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பது இது: ‘தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள். தரத்தில் எந்தச் சமரசமும் செய்துகொள்ளாமல் பாரம்பரிய முறையில் சுத்தமான புளியை வழங்கி வருகிறோம்.’ யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்கிறேன். இந்த மூன்று வாக்கியத்தையும் எடுத்து ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர் விண்ணப்பத்தில் வைத்து, ‘புளி’ என்பதை ‘எண்ணெய்’ என்று மாற்றினால் அப்படியே பொருந்திவிடும். உங்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

நான் இருபது வருடமாக இந்தப் பகுதியில் சிறு தொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். ஒரு தொழில் அமைப்பின் விருதுக் குழுவில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளில் அறுபது கோப்புகளைப் பார்த்தோம். ஒரு கோப்புக்கு ஏழு நிமிடம், எட்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற கோப்பில் எட்டாம் பக்கத்தில் இருக்கும் நல்ல செய்தி கண்ணில் படாமலே போகும். அப்படி ஒரு மத்தியானம், பட்டுக்கூட்டில் நூல் எடுக்கும் ஒருவரின் கோப்பு வந்தது. அட்டை சாதாரணமானது. உள்ளே நான்காம் பக்கத்தில் ஒரு நோட்டுப் பக்கத்தின் நகல். தேதி, வாங்கிய கூடு எத்தனை கிலோ, அதில் கழிவு எத்தனை, நூல் எத்தனை என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. பக்கத்திலேயே அடுத்த வருடத்துப் பக்கம் ஒன்று, அதில் கழிவு குறைந்திருந்தது, ஏன் குறைந்தது என்று கீழே இரண்டு வரி. குழுவில் எல்லாரும் அந்தப் பக்கத்தை வாங்கி வாங்கிப் பார்த்தோம். அதற்கு முந்தைய கோப்பில் ஆல்பம் போலக் கெட்டி அட்டை, அமைச்சர்களுடன் எடுத்த போட்டோக்கள், செய்தித்தாள் துண்டுகள். அதில் யார் என்ன தொழில் செய்கிறார் என்றே எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்று நேற்று போனில் பேசியபோதுதான் தெரிந்தது. நீங்கள் படித்துக் காட்டியதை நான் குறித்து வைத்திருக்கிறேன். 2023 சீசனில் மண்டிக்கு அனுப்பியது 640 மூட்டை, அதில் திரும்பி வந்தது 58. கொட்டையும் நாரும் நின்றுவிட்டது, சிலவற்றில் கல் இருந்தது என்று புகார். யார் தட்டியது என்று தெரியாததால் எல்லாரையும் சத்தம் போட்டீர்கள், இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். கிலோ கணக்கில் கூலி என்பதால் வேகமாகத் தட்டியவருக்கே அதிகம் கிடைத்தது. சுத்தமாகத் தட்டியவருக்கு நஷ்டம். அடுத்த சீசனில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண் எழுதிய சீட்டை மூட்டைக்குள் போட ஆரம்பித்தீர்கள். மூட்டை திரும்பி வராத கைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் கூலி. 2025 சீசனில் 710 மூட்டை போய், 13 மட்டும் திரும்பியது.

இதைப் போனில் சொல்லிவிட்டு ‘இதெல்லாம் சின்ன விஷயம் சார்’ என்றீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நூற்றுக்கு ஒன்பது மூட்டை திரும்பியது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்திருக்கிறது. அதுவும் மெஷின் வாங்காமல், ஆளைக் குறைக்காமல், கூலியைக் கூட்டி. கூலி முறையில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்து அதைத் திருத்தியிருக்கிறீர்கள். எந்தப் பொருள் எந்தக் கையிலிருந்து வந்தது என்று பின்னால் போய்க் கண்டுபிடிக்க வழி செய்திருக்கிறீர்கள். பெரிய உணவுத் தொழிற்சாலைகள் கம்ப்யூட்டர் வைத்து, பார்கோடு ஒட்டிச் செய்கிற வேலை இது. நீங்கள் காலண்டர் தாளைக் கிழித்துச் செய்திருக்கிறீர்கள்.

அதனால் புதுமை பற்றிய கேள்விக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘2023 சீசனில் நாங்கள் அனுப்பிய 640 மூட்டைப் புளியில் 58 மூட்டை, கொட்டையும் நாரும் இருந்ததால் திரும்பி வந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி முறையில் சுத்தத்தைவிட வேகத்துக்கே பலன் இருந்ததுதான் காரணம் என்று கண்டேன். 2024 முதல் ஒவ்வொரு மூட்டையிலும் அதைத் தட்டியவரின் எண் எழுதிய சீட்டு வைக்கிறோம். மூட்டை திரும்பாதவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தருகிறோம். 2025 சீசனில் 710 மூட்டையில் 13 மட்டுமே திரும்பியது. சீட்டு நோட்டின் இரண்டு பக்கங்களும் மண்டியின் திருப்பிய ரசீதுகளும் இணைப்பு 3-இல் உள்ளன.’ அவ்வளவுதான். முன்னால் எப்படி இருந்தது, ஏன் அப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது, அதற்கு ஆதாரம் எங்கே. இந்த ஐந்தும் ஒரே பத்தியில் வந்துவிட்டது. ‘எனக்கு எழுத வராது’ என்று சொன்னீர்கள், ஆனால் மேலே இருப்பது பெரும்பாலும் நீங்கள் போனில் பேசியதுதான். நான் வரிசைப்படுத்தியிருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு சந்தேகம் வரலாம்: 58 மூட்டை திரும்பியதை நாமே எழுதினால் மானம் போகாதா என்று. போகாது. அந்த 58 இல்லாமல் 13 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எல்லாம் ஆரம்பத்திலிருந்தே நன்றாக இருந்தது என்று எழுதுகிறவரை நடுவர் நம்புவதில்லை, தொழில் நடத்துகிறவருக்கு அது பொய் என்று தெரியும்.

இங்கே ஓசூரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-இல் டெமிங் பரிசு வாங்கியது. ஜப்பானில் 1951-இலிருந்து கொடுக்கப்படும், தர மேலாண்மைக்கான பெரிய பரிசு அது. அப்போது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். டெமிங் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் என்ற போட்டி கிடையாது. அவர்கள் வைத்திருக்கும் அளவை எட்டியவர் எல்லாருக்கும் கிடைக்கும். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, ஆலைக்கே நேரில் வந்து, தளத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் கூடத்துக்கும் அந்த ஆலைக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ‘ஏன் தவறு வந்தது, எப்படி நிறுத்தினீர்கள், எதைக் காட்டுகிறீர்கள்’ என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இனி, எந்தப் பிரிவில் போடுவது என்பது. தமிழ்நாடு அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை விருதுகளில் மகளிர் தொழில்முனைவோருக்கும் வேளாண் சார்ந்த தொழிலுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உங்களுக்கு இரண்டுமே பொருந்துவது போலத் தெரியும். இந்த வருடத்துப் படிவத்தைக் கையில் வாங்கி, தகுதி விதிகளை வரிக்கு வரி படித்த பிறகே முடிவு செய்யுங்கள். தொழில் மையத்தில் வாய்வழியாகச் சொல்வதை மட்டும் நம்பி எழுதாதீர்கள், போன வருடத்துப் படிவத்தையும் நம்பாதீர்கள். என் எண்ணத்தைக் கேட்டால் வேளாண் சார்ந்த பிரிவைச் சொல்வேன். மகளிர் பிரிவில் உங்கள் வாழ்க்கைக் கதையை எதிர்பார்ப்பார்கள், அதில் கடுமையான போட்டி இருக்கும். மற்றதில் உங்கள் சீட்டு நோட்டு நேராகப் பேசும்.

மகளிர் பிரிவில்தான் போடுவேன் என்றால், உங்கள் கணவரின் பங்கை மறைக்காதீர்கள். பெயருக்கு மனைவி, நடத்துவது கணவர் என்ற யூனிட்டுகளை நடுவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ‘மரக் குத்தகை பேசுவதும் லாரி பார்ப்பதும் என் கணவர். விலை, கூலி, வங்கி, தரம் நான்கும் என் முடிவு’ என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். போனில் நீங்கள் பேசியதைக் கேட்ட எனக்கு அது உண்மை என்று தெரிகிறது. நேரில் வருகிறவருக்கும் தெரியும். உங்கள் கணவர் ‘நமக்கு எதுக்கு’ என்று சொன்னதற்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரையும் உட்கார வைத்துக் குத்தகைக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தில் இருக்கும் நோட்டும் ஒரு ஆதாரம்.

இப்போது ஆவணங்கள். பல நல்ல விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றில் யூனிட்டின் பெயர், உங்கள் பெயர், முகவரி, தொழில் வகை எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பழைய விண்ணப்பத்தில் உத்யம் சான்றில் ஒரு பெயர், உணவுப் பாதுகாப்புச் சான்றில் வேறு பெயர், பாக்கெட்டின் மேல் மூன்றாவது ஒரு பெயர். அது உங்கள் பிராண்டு என்று உங்களுக்குத் தெரியும், நடுவருக்கு எப்படித் தெரியும்? மூன்றும் ஒரே கூடத்துடையவை என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலுக்கான வரம்பு உயர்ந்திருக்கிறது: இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, ஆண்டு விற்பனை 10 கோடி வரை. நீங்கள் தாராளமாக அதற்குள் வருகிறீர்கள். போன விண்ணப்பத்தில் ‘சிறு தொழில்’ என்று டிக் அடித்திருந்தீர்கள், அதை ‘குறு’ என்று திருத்துங்கள். தவறான வகையில் டிக் போட்டால், மதிப்பீட்டுக்குப் போகாமலே ஒதுக்கிவிட இடமிருக்கிறது. போன தடவை நடந்தது அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்த முறை அந்த வாய்ப்பே இருக்கக் கூடாது.

விற்பனைக்கு ஆதாரமாக ஜிஎஸ்டி கணக்கைக் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். காலியாக விட்டால் ஏதோ மறைப்பது போல ஆகிவிடும். உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் 5 சதவீதம் இருந்தது. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த இடத்தில் இதை எழுதி, பதிலாக மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவு, வங்கிக் கணக்கு நகல் மூன்றையும் இணைத்திருப்பதாகக் குறிப்பிடுங்கள்.

இதில் ஒரு இடறல் இருக்கிறது. ‘கழிவு எதையும் வீணாக்குவதில்லை, கொட்டையையும் மாவு ஆலைக்கு விற்கிறோம்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். புளியங்கொட்டைப் பருப்பு மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது, கெட்டிப்படுத்தும் பொருளாகவும் போகிறது. ஆனால் விதைப்புக்கு இல்லாமல் விற்கும் புளியங்கொட்டைக்கு 2021 அக்டோபர் முதல் 5 சதவீத வரி உண்டு. அப்படியானால் நீங்கள் ‘வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர்’ என்ற கணக்கில் வரமாட்டீர்கள். புளி, கொட்டை இரண்டின் விற்பனையும் சேர்ந்து வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டிய நிலை வரும். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் போய் இந்த ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விருதுக் குழுவில் கட்டாயம் ஒரு கணக்குத் தெரிந்தவர் இருப்பார். உங்கள் பெருமை வரியே உங்களுக்கு எதிரான கேள்வியாக மாறக் கூடாது. நாளைக்குப் புளி பேஸ்ட், சாறு என்று போட ஆரம்பித்தாலும் வரி உண்டு, அதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆள் கணக்கு. ‘14 பெண்களுக்கு வேலை’ என்கிறீர்கள். போனில் கேட்டபோது, நாலு பேர் வருடம் முழுக்கக் கூடத்தில், பத்துப் பேர் சீசனில் புளியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தட்டித் தருகிறவர்கள் என்றீர்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 14 என்று எழுதினால், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் யூனிட் என்று எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பதிவு எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் தட்டுகிறவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்பதையும் அதே ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் வேலை நாட்களாக எழுதுங்கள்: நாலு பேருக்கு 280 நாள் என்றால் 1,120, பத்துப் பேருக்கு 90 நாள் என்றால் 900, மொத்தம் 2,020 பெண் வேலை நாட்கள். கூலிப் பட்டுவாடா நோட்டிலிருந்து இதைக் கூட்டிச் சரிபாருங்கள், நான் நீங்கள் சொன்ன நாள் கணக்கை வைத்துப் போட்டிருக்கிறேன். ‘14 பேர்’ என்பதைவிட இது கனமாக இருக்கிறது பாருங்கள், உண்மையாகவும் இருக்கிறது.

விற்பனையைப் பற்றி இன்னொன்று. மூன்று வருடத் தொகையை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், நடு வருடத்தில் இறங்கியிருக்கிறது. புளி தெரியாத நடுவர் அதைப் பார்த்து ‘தொழில் சரிகிறது’ என்று நினைப்பார். ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் அடுத்த வருடம் ஓய்ந்துவிடும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சென்னையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே ரூபாயோடு டன்னையும் எழுதுங்கள், பக்கத்தில் ‘காய்ப்பு குறைந்த வருடம்’ என்று ஒரு குறிப்பு. குறைந்த வருடத்திலும் கோல்டு ஸ்டோரேஜில் வைத்திருந்த சரக்கை வைத்து மண்டிக்குச் சொன்ன தேதியில் அனுப்பினீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வெளியில் வைத்த புளி வெயிலிலும் மழை ஈரத்திலும் கறுத்துவிடும், குளிரில் வைத்தால் நிறம் நிற்கும் என்பதை ஒரு வரியில் விளக்கிவிட்டால், கிடங்கு வாடகை ஏன் அவ்வளவு என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

வாடிக்கையாளர் கடிதம் என்று மூன்று இணைத்திருக்கிறீர்கள். மூன்றிலும் ஒரே வாசகம், ஒரே எழுத்துரு. நீங்களே டைப் செய்து கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள், யாருக்கும் தெரிந்துவிடும். மூன்றையும் எடுத்துவிடுங்கள். சேலம் மண்டிக்காரர் ஒருவரிடம் போய், அவர் லெட்டர்பேடில் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை வருடமாக வாங்குகிறார், போன சீசனில் எத்தனை மூட்டை, எத்தனை திருப்பினார். நாலு வரி போதும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

போட்டோக்களில் பதினைந்தை எடுத்துவிட்டு நாலு வையுங்கள். நீங்கள் பரிசு வாங்கும் படம் வேண்டாம். சீட்டு வைக்கும் கை, மூட்டைக்குள் சீட்டு, தட்டும் இடம், பாக்கெட்டின் பின்பக்கம். மூட்டைக்குள் சீட்டு இருக்கும் படத்தைக் கிட்டத்திலிருந்து எடுங்கள், புளியின் நிறமும் எண்ணும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. காலை வெளிச்சத்தில் எடுத்தால் போதும், ஸ்டுடியோக்காரர் தேவையில்லை.

தமிழில் எழுத அனுமதி இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம்தான் என்றால், முதலில் தமிழில் முழுவதையும் எழுதி முடித்து, அப்புறம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றி வாங்குங்கள். மாற்றியதை அவரையே தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்லாத பெருமை ஏதாவது அதில் புகுந்திருந்தால் அடித்துவிடுங்கள். நேர்காணலில் பதில் சொல்லப் போவது நீங்கள்.

நேரில் பார்க்க வருவார்கள் என்றால் கூடத்துக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்ட வேண்டாம். தலைக்குத் துணி, கையுறை, குடிக்கத் தண்ணீர், கழிவறை இவை வழக்கமாக எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கட்டும். வேலை செய்கிற பெண்களுக்குப் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்னீர்களே, 7-ஆம் எண் வைத்திருக்கும் அந்த அக்கா, இரண்டு சீசனாக ஒரு மூட்டைகூடத் திரும்பாதவர். வருகிறவர் அவரிடம் ‘இந்தச் சீட்டு எதுக்கு’ என்று கேட்டால் அவர் தன் பாணியில் சொல்லட்டும். உங்கள் 11 பக்கத்தைவிட அந்தப் பதில் நன்றாக இருக்கும்.

தை பிறந்தால் உலுக்கல் ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் சித்திரை வரை உங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அதனால் இந்த வாரமே 2023, 2024, 2025 மூன்று வருட மூட்டைக் கணக்கு நோட்டுகளையும் போட்டோ எடுத்து, மூன்றையும் ஒரு பக்கத்தில் கூட்டி எழுதுங்கள். 2024-ஆம் வருட எண் உங்கள் கடிதத்திலும் இல்லை, போனிலும் சொல்லவில்லை. அது அவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்தாலும் எழுதுங்கள். சீட்டு முறை முதல் வருடமே முழுதாகப் பிடிபட்டிருக்காது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதற்கும் இரண்டு வரி இருக்கும். அந்தப் பக்கம் தயாரானதும் புதிய படிவத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.